அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு என்ன செய்வது: மாதப் பணமா, ஆளா, முறையா, வீடா?

இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அம்மா செலவுக் கணக்கு. டயபர் 3,600, மருந்து 2,850, பிசியோவுக்கு ஒரு தடவை 400, ஏர் பெட் மோட்டார் ரிப்பேர் 700 என்று இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு ரூபாய் விடாமல் எழுதியிருந்தாள். நானும் அண்ணனும் அனுப்பியது வரவில், செலவு எதிரே, கையிருப்பு 1,140 என்று கடைசியில் கோடு போட்டுக் காட்டினாள். நோட்டு முழுக்கப் புரட்டிப் பார்த்தேன், அவள் பெயரில் ஒரு வரி இல்லை. விடிகாலை நாலரைக்கு எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பதில் ஆரம்பித்து ராத்திரி பதினொன்றுக்குக் கடைசி மாத்திரையைப் பொடி செய்து கொடுப்பது வரைக்கும் அவள் செய்கிற எதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. அந்த இடத்தில் மூன்று பேரும் சேர்ந்துதான் பூஜ்யம் போட்டிருக்கிறோம், அவளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 2023 ஆடியில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறும், ஆனால் புத்தி தெளிவு; யார் எத்தனை நாளாகப் போன் பண்ணவில்லை என்பது வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறாள். வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்தில். அண்ணன் ஷார்ஜாவில், நான் சென்னையில், அக்கா உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்து இரண்டு தெரு தள்ளி. அதனால் 'யார் பார்த்துக்கொள்வது' என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சே நடக்கவில்லை. பக்கத்தில் இருந்தாள், மகள், முடிந்தது. தனியார் பள்ளியில் 14,000 ரூபாய்ச் சம்பளத்தில் டீச்சராக இருந்தவள் முதலில் இரண்டு மாதம் லீவு போட்டாள், அப்புறம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். வேலையை விடு என்று யாரும் சொல்லவில்லை என்று நான் இன்றைக்கும் சொல்லிக்கொள்ளலாம். விடாதே என்றும் யாரும் சொல்லவில்லை. 25 மாதச் சம்பளம் மூன்றரை லட்சம் ஆகிறது. அது நோட்டில் இருக்காது, வராத பணத்தை வரவில் எழுத முடியாதே.

அன்றைக்கு ராத்திரி அண்ணனுக்குப் போன் போட்டேன். அக்காவுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டையில்லை, என்ன செய்வது என்பதில்தான் சண்டை. அவன் ஒன்று சொன்னான், நான் ஒன்று சொன்னேன், அத்தான் வாயே திறக்கவில்லை, அக்கா "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள். கடைசியில் நான்கு வழிகளை வைத்து இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்: மாதா மாதம் அவளுக்கென்று பணம், சம்பளத்துக்கு ஆள், நாங்கள் முறை போட்டு வந்து பார்ப்பது, வீட்டை அவள் பெயருக்கு மாற்றுவது. முதியோர் இல்லம் என்ற பேச்சை அம்மா ஒரே கையசைப்பில் முடித்துவிட்டாள், அதனால் அது இங்கே வராது. எங்கள் தொகைகள் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், ஆனால் எந்த வழி எங்கே இடிக்கும் என்பது அநேகமாக எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டுக் கதை மட்டும்தானா என்றால், இல்லை. மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டிலுள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம். அப்படிப் பார்த்துக்கொள்கிறவர்களில் பெண் ஒரு நாளைக்கு 140 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இதில் சேர்த்திதான். அக்காவிடம் 140 நிமிடம் என்று சொன்னேன். "காலையில மட்டுமா?" என்று கேட்டாள்.

இன்னொன்றையும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். இதே வேலையை அக்காவுக்குப் பதில் அண்ணியோ என் மனைவியோ செய்துகொண்டிருந்தால் 'அவளுக்கு என்ன செய்வது' என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழுந்திருக்காது. மருமகள் செய்தால் கடமை, மகள் செய்தால் பாசம், மகன் ஒரு வாரம் வந்து செய்தால் ஊரே பாராட்டும். உங்கள் வீட்டில் பார்த்துக்கொள்வது மருமகள் என்றால் கீழே வருவதையெல்லாம் இரண்டு மடங்கு அழுத்தமாக வாசியுங்கள், ஏனென்றால் மாமியார் சொத்தில் வாரிசு என்ற முறையில் அவளுக்கு நேராக எதுவும் வராது.

சரி, பணத்திலிருந்து தொடங்கலாம். நாங்கள் இரண்டு பேரும் முதலில் இங்கேதான் வந்து நின்றோம், காரணம் எங்களுக்கு அதுதான் சுலபம். எவ்வளவு என்று கேட்டால் இரண்டு விதமாகக் கணக்குப் போடலாம். அவள் இழந்த சம்பளத்தைக் கொடுப்பது ஒன்று. அவள் இல்லாவிட்டால் அந்த வேலைக்கு வெளியே என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்று பார்ப்பது இன்னொன்று. முதல் கணக்கில் 14,000. இரண்டாவதில், நாங்கள் விசாரித்த ஏஜென்சிகள் 24 மணி நேர ஆளுக்கு மாதம் 27,000 கேட்டார்கள், சாப்பாடும் படுக்க இடமும் தனி. இரண்டுக்கும் நடுவே எங்கேயோதான் நியாயம் இருக்கிறது, அதற்கு மேல் துல்லியம் தேட வேண்டாம் என்பது என் எண்ணம்.

பணத்தில் இடிக்கிற இடம் தொகையில் இல்லை, பெயரில் இருக்கிறது. "பெத்த அம்மாவுக்குச் செய்யறதுக்குச் சம்பளமா?" என்று அண்ணன் கேட்டான், அக்காவுக்கும் முகம் சுருங்கிவிட்டது. அப்போது எனக்கு 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு காஞ்சிபுரத்தில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டம் ஞாபகம் வந்தது. அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை என்று வைத்தார்கள், வீட்டில் பெண்கள் சம்பளமில்லாமல் செய்யும் வேலைக்கான அங்கீகாரம் என்று விளக்கமும் சொன்னார்கள். திட்டத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம், பெயர் நல்ல பெயர். நாங்கள் அதைச் சுட்டுக்கொண்டோம். "உரிமைத் தொகை போட்டாச்சு" என்று அண்ணன் சொன்னால் அக்கா சிரிக்கிறாள், சம்பளம் என்றால் சிரிக்க மாட்டாள்.

இதில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று உண்டு. முதல் மாதம் வழக்கமாகச் செலவுக்குப் போடுகிற அதே கணக்கில் இந்தப் பணத்தையும் சேர்த்துப் போட்டோம். மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்தால் அவளுடைய பணம் வாட்டர் பெட்டாக மாறியிருந்தது. அவளிடம் இருக்கும் எந்தப் பணமும் அம்மாவுக்குத்தான் போகும், அது அவள் சுபாவம். அதனால் தனிக் கணக்கு, அவள் பெயரில் மட்டும், ஒன்றாம் தேதி தானாகப் போகிற மாதிரி. அதில் ஒரு பகுதி அவளுடைய பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்குக்கு. 2020 ஏப்ரலிலிருந்து அதற்கு வட்டி 7.1 சதவீதத்திலேயே நிற்கிறது, வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம், 15 வருடம் ஓட வேண்டும். வேலை போனதோடு பிஎஃப்பும் நின்றுபோன 49 வயதுப் பெண்ணுக்கு 64 வயதில் கையில் ஏதாவது வர வேண்டுமே. மத்திய அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் சேர்க்கலாமா என்றும் பார்த்தோம், 40 வயதுக்கு மேல் அதில் சேர முடியாது. உடன்பிறந்தவர்கள் கொடுக்கும் பணம் உறவினர் அன்பளிப்பு என்ற வகையில் வருவதால் அவளுக்கு வருமான வரி கிடையாது, கொடுக்கிற எங்களுக்கும் சலுகை கிடையாது.

வரி என்று வந்துவிட்டதால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அம்மாவுக்கு 80 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் என்று சான்றிதழ் இருக்கிறது. பழைய வரி முறையில் இருக்கும் நான், என்னைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பதற்கான 80டிடி பிரிவில் 1,25,000 ரூபாய் கழித்துக்கொள்கிறேன். என் வரி விகிதத்துக்கு அது வருடம் 39,000 ரூபாய் மிச்சம், இரண்டு வருடத்தில் 78,000. அம்மாவைப் புரட்டிப் போடுவது அக்கா, வரி மிச்சம் எனக்கு! இதை நான் சொல்லும் வரை அவளுக்குத் தெரியாது. செலவுக்குப் பணம் அனுப்புகிறேன் என்பது உண்மைதான், சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை. அந்த 78,000ஐ இப்போது அவள் கணக்குக்கு மாற்றிவிட்டேன். உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் இப்படிக் கழித்துக்கொண்டிருப்பார், கேட்டுப் பாருங்கள். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் வேறு, அதனால் ஆடிட்டரிடம் எண்ணைச் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

பணத்தால் ஆகாதது ஒன்றே ஒன்று, தூக்கம். 15,000 ரூபாய் வந்த மாதமும் அவள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துதான் ஆக வேண்டும்.

அடுத்து ஆள் போடுவது. அண்ணனுக்கு இதுதான் பிடித்த வழி. "காசைக் குடுத்து ஒரு ஆளைப் போட்டா முடிஞ்சுதுடா, அவளும் ஃப்ரீ" என்றான். முடியாது. பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதத்தில் ஒரு ஏஜென்சி மூலமாக ஆள் வைத்துப் பார்த்திருக்கிறோம், பெயர் வேண்டாம். மூன்று மாதத்தில் நான்கு பேர் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் அம்மாவை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும், கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருந்தால் புரையேறாது, 'ம்ம்' என்று இழுத்தால் தண்ணீர், வெட்டிச் சொன்னால் பாத்ரூம் என்பதையெல்லாம் அக்காதான் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். வருகிற ஆளுக்குச் சமைத்துப் போட வேண்டும், அம்மாவுக்குச் சமைப்பது அவர்கள் வேலையில்லை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பண்டிகைக்கு ஊருக்குப் போனவர் வரவில்லை, பதிலுக்கு ஆள் அனுப்ப ஐந்து நாள் ஆனது, கமிஷனில் ஒரு ரூபாய் குறையவில்லை. அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஏஜென்சி எடுத்துக்கொண்டது போக அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டபோது ஒருவர் சொன்ன பதிலைக் கேட்டு எனக்கே கூச்சமாக இருந்தது. தன் மாமியாரை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்து எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முழுநேர ஆள் வந்தால் அக்கா செய்கிற வேலை மாறும், குறையாது. கையால் செய்தவள் மேஸ்திரி வேலை பார்ப்பாள், அவ்வளவுதான். ஆனால் வேலையைத் துண்டாக்கி ஆள் போடுவது வேறு கதை, அது எங்களுக்கு நன்றாகவே ஒத்துவந்தது. எந்தத் துண்டு மிகவும் கஷ்டம் என்று அக்காவிடம் கேட்டால் குளிப்பாட்டுவதைச் சொல்வாள் என்று நினைத்தேன், ராத்திரி என்றாள். இப்போது அடுத்த தெருவில் இருக்கும் ஒரு அம்மா, ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து நின்றவர், வாரத்தில் மூன்று ராத்திரி வந்து படுக்கிறார். ஒரு ராத்திரிக்கு 500. மாதம் ஆறாயிரம், ஆறாயிரத்து ஐநூறு ஆகிறது. 27,000க்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை, ஆனால் அக்கா வாரத்தில் மூன்று ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள்.

மூன்றாவது, முறை போடுவது. அதிலேயே இரண்டு வகை. அம்மாவை நான்கு மாதம் இங்கே, நான்கு மாதம் அங்கே என்று வீடு மாற்றுவது ஒன்று, அம்மா இருக்கிற இடத்திலேயே இருக்க, பார்க்கிறவர்கள் மாறி மாறி வருவது ஒன்று. முதலாவதை 2024 கோடையில் சென்னையில் செய்து பார்த்துக் கை சுட்டுக்கொண்டோம். என் ஃபிளாட்டில் கட்டில் போட்டால் வீல்சேர் திரும்பாது, அம்மாவுக்கு ஜன்னலில் தெரிந்தது எதிர் பிளாக்கின் ஏசி மெஷின்கள்தான், ஊரில் வாசலில் போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள் பத்தே நாளில் சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். பதினெட்டாம் நாள் ஆம்புலன்ஸ் பேசித் திருப்பிக் கூட்டிப்போனோம். நோயாளி புதிதாகப் படுத்தவர், வீடு பெரியது, கீழ்த்தளம் என்றால் உங்களுக்கு நடக்கலாம். எங்களுக்கு நடக்கவில்லை.

இரண்டாவதைப் போன கார்த்திகையில்தான் முதல் தடவையாகச் செய்தேன். அக்கா தன் பெண் படிக்கிற கோயம்புத்தூருக்கு ஆறு நாள் போய்விட்டு வரட்டும், நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான்கு பக்கத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனாள்: இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்று, ஊட்டிய பிறகு அரைமணி உட்காரவைத்திரு, மாத்திரையைத் தயிரில் குழை, பாலில் குழைத்தால் துப்பிவிடுவாள். முதல் நாளே மாட்டிக்கொண்டேன். டயபர் மாற்றப் போனால் அம்மா நல்ல கையால் என்னைத் தள்ளினாள். "நீ போ. அவளக் கூப்பிடு." ஐம்பது வயதை நெருங்கும் மகன் தன்னைத் துடைத்துவிடுவதை எந்த அம்மாதான் ஏற்றுக்கொள்வாள்? காலையும் சாயங்காலமும் அந்தப் பக்கத்துத் தெரு அம்மா வந்து உதவினார். ராத்திரிக்கு நான்தானே. இரண்டாம் ராத்திரி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நான் மாற்றினேன், இரண்டு பேரும் பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அவளே "இடுப்பத் தூக்காத, உருட்டு" என்று குழறிக் குழறி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான்காம் நாள் இடுப்பெலும்புக்கு மேல் சிவப்பாக ஒரு தடம். போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "ரெண்டு மணி அலாரத்துக்கு எழுந்தியா?" என்று ஒரே வரியில் பதில். எழுந்திருக்கவில்லை. அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன். படுக்கைப் புண்ணாக மாறுவதற்கு முன்னால் காற்றாடப் போட்டுப் பக்கம் மாற்றி மாற்றிச் சரிசெய்துவிட்டோம், ஆனால் இரண்டு வருடமாக ஒரு புண் வராமல் அவள் வைத்திருந்த உடம்பு அது.

அந்த ஆறு நாளில் எனக்குக் கிடைத்த அதிகபட்சத் தொடர் தூக்கம் இரண்டே முக்கால் மணி நேரம். முறை போடுவதன் பெரிய லாபம் அக்காவுக்கு வரும் ஓய்வு என்று நினைத்திருந்தேன். ஓய்வு வந்தது, அதோடு எனக்குக் கணக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு நோட்டில் செலவு அதிகமாக இருக்கிறதே என்று நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. நஷ்டம் என்னவென்றால் லீவு. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் குழந்தைகளைப் பார்க்க 730 நாள் தனி விடுப்பு இருக்கிறது, பெற்றோரைப் பார்க்க அப்படித் தனியாக எதுவும் கிடையாது. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, வருடத்துக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறதே, வயதான பெற்றோரைப் பார்ப்பதற்கும் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. என் மாதிரி தனியார் ஆட்களுக்கு அந்த 30 நாளும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆறு நாள் என்றால் 24 நாள், என் லீவு மொத்தமும் அதற்கே சரி. இந்த வருடம் டூர் இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். தேதியை முன்கூட்டியே காலண்டரில் எழுதிவிட வேண்டும் என்பது அக்கா போட்ட கண்டிஷன். "முடிஞ்சப்ப வரேன்னு சொல்லாத. நீ வர்ற தேதி தெரிஞ்சா அதுவரைக்கும் ஓட்டிடுவேன்."

அரசிடமிருந்து என்ன வரும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இந்த நான்கில் எதற்கும் மாற்று கிடையாது, மேலே போட்டுக்கொள்ளும் துண்டுதான். 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது, அம்மாவுக்காக விண்ணப்பித்திருக்கிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும் என்பது பலருக்குத் தெரியும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பிசியோதெரபிஸ்டும் நோய் தணிப்புச் சிகிச்சை நர்ஸும் வீட்டுக்கு வருவார்கள் என்பது தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பதிய வேண்டும். நாங்கள் ஒன்றரை வருடம் தடவைக்கு 400 கொடுத்த பிறகுதான் பதிந்தோம். முதியோர் உதவி எண் 14567. கேரளத்தில் ஆசுவாசகிரணம் என்ற திட்டத்தில் படுக்கையில் இருப்பவரை முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கு என்றே மாதம் 600 ரூபாய் வைத்திருக்கிறார்கள். 600 ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்கலாம், ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தப் படிவத்தில் பார்த்துக்கொள்பவரின் பெயரை எழுத ஒரு கட்டம் இருக்கிறது. நான் அம்மாவுக்காக நிரப்பிய படிவங்களில் அக்காவுக்குக் கிடைத்ததெல்லாம் 'உடன் வந்தவர் கையொப்பம்' என்ற புள்ளிக்கோடு.

சட்டத்தை வைத்து உடன்பிறந்தவர்களிடம் கேட்டு வாங்க முடியாதா என்று அக்காவின் தோழி ஒருவர் கேட்டார். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். ஆனால் அது அம்மா தன் பராமரிப்புக்காகக் கேட்பது. பார்த்துக்கொள்ளும் மகள் தன் உழைப்புக்காகக் கேட்க அதில் வழியில்லை. கணவன் மனைவிக்குள் என்றால் 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று ஒரு நெய்வேலிக் குடும்பத்து வழக்கில் சொல்லியிருக்கிறது. அண்ணன் தங்கைக்குள் அப்படி எதுவும் இல்லை, மனசு வைத்தால்தான் உண்டு.

இனி நான்காவது, வீடு. மனஸ்தாபம் வருவதென்றால் இங்கேதான் வரும். முதலில் ஒரு தப்பெண்ணத்தை உடைத்துவிடுகிறேன். "அவளுக்குத்தான் வீட்டுல ஒரு பங்கு இருக்கே" என்று என் சித்தப்பா சொன்னார், பார்த்துக்கொள்வதற்குக் கூலி அதுதான் என்பது மாதிரி. அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, 2016இல் உயில் எழுதாமல் போனார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. அக்கா அம்மாவை ஒரு நாள்கூடப் பார்க்காமல் இருந்திருந்தாலும் அந்தக் கால் அவளுடையதுதான். இருக்கிற உரிமையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அங்கீகாரம் என்று பெயர் வைப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அதற்கு மேல் கொடுப்பது என்றால் இரண்டு காரியம் செய்ய வேண்டும். அம்மா தன் கால் பங்கை அவளுக்குத் தானசெட்டில்மென்ட் (இப்போதே உரிமையை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதுவது, நானும் அண்ணனும் எங்கள் பங்கை விடுதலைப் பத்திரத்தில் விட்டுக்கொடுப்பது. 2023 ஜூலையில் ஏற்றிய பிறகு குடும்பத்துக்குள் எழுதும் இந்தப் பத்திரங்களுக்கு முத்திரைத்தாள் கட்டணம் அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. அம்மாவால் அலுவலகம் வர முடியாது என்றால் காரணம் காட்டி மனு கொடுத்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து கைரேகை வாங்குவார், புத்தி தெளிவாக இருக்கிறது என்ற டாக்டர் சான்றிதழையும் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் யாரும் வாய் திறக்க முடியாது. கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதிவிட்டால், பராமரிக்காமல் விட்டால் அந்த 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அம்மா அதை ரத்து செய்யக் கேட்கலாம். அக்கா விஷயத்தில் அதற்குத் தேவையிருக்காது, ஆனால் எழுதாமல் விடாதீர்கள். உயில் எழுதினால் முத்திரைத்தாளே வேண்டாம், இரண்டு சாட்சி போதும், ஆனால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்பதால் பார்த்துக்கொள்பவர் தலைமேல் அது கத்தி மாதிரி தொங்கும். வீட்டைக் காட்டி வேலை வாங்குகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டின் குறை, அது இன்றைக்கு உதவாது. கும்பகோணத்துப் பக்கத்து ஓட்டு வீட்டில் முக்கால் பங்கு கூடுதலாக வந்தாலும் அதை வைத்து இந்த மாதம் பால்காரருக்குக் கொடுக்க முடியாது, ராத்திரி தூங்க முடியாது. அப்புறம் சொந்தக்காரர்கள் வாய். "வீட்டுக்காகத்தான் பார்த்தா" என்று ஒருவர் சொன்னால் போதும், இரண்டரை வருடமும் கரைந்துவிடும். அக்கா பயப்படுவது அதற்குத்தான். நிறைவு என்னவென்றால், மற்ற மூன்றும் அம்மா இருக்கும்வரைதான், இது அம்மாவுக்குப் பிறகும் நிற்கும். மாதப் பணத்தை அன்றைக்கு நாங்கள் நிறுத்திவிடுவோம், பொய் சொல்வானேன். அப்போது அவளுக்கு ஐம்பதுக்கு மேல் வயது, கையில் வேலை கிடையாது, இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு எந்தப் பள்ளியும் பழைய சம்பளத்துக்குக் கூப்பிடாது.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்களுக்குச் சுலபமான வரிசை வேறு, அவளுக்குத் தேவையான வரிசை வேறு. எங்களுக்குப் பணம் சுலபம், ஆள் அதற்கடுத்து, வந்து உட்காருவது கஷ்டம், வீடு எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அவளிடம் தனியாக உட்காரவைத்துக் கேட்டபோது முதலில் ராத்திரித் தூக்கம், அப்புறம் நாங்கள் வரும் தேதி, அப்புறம்தான் பணம் என்றாள். வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. இன்னொன்றும் சொன்னாள்: "போன் பண்ணா அம்மா சாப்பிட்டாளான்னு கேக்கறீங்க. நான் சாப்பிட்டேனான்னு ஒருத்தன் கேக்கல." இதற்கு எந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதைக்கு முடிவானது இவ்வளவு. வாரம் மூன்று ராத்திரிக்கு ஆள், செலவு பொதுவில். ஒன்றாம் தேதி 15,000 அவள் கணக்குக்கு, அண்ணன் 9,000, நான் 6,000. எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆறு நாள், அடுத்த தேதி மாசி 10, காலண்டரில் வட்டம் போட்டாகிவிட்டது. அண்ணன் வருடத்துக்கு ஒரு தடவை வரும்போது முதல் பத்து நாள் அவன் முறை, மாமனார் வீட்டுக்குப் போவதெல்லாம் அதற்குப் பிறகு. இதற்கு அண்ணிதான் முதலில் சரி என்றார்.

வீடு மட்டும் நிற்கிறது. என் பங்கை விடத் தயார் என்று சொல்லிவிட்டேன், பத்திர எழுத்தரிடம் வரைவும் ரெடி. அண்ணன் அங்கிருந்தே தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம், கேட்டால் "நேர்ல பேசிக்கலாம்" என்கிறான். தை மாதம் வருகிறான். அந்தப் பத்து நாளை முதலில் முடிக்கட்டும், பத்திரத்தைப் பதினொன்றாம் நாள் எடுக்கலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் அதற்கு ஒன்றும் சொல்லாமல் புது நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை மூன்று பத்தி.